வருஷத் துணி

ஆனி மாதம் முடிகிற அன்றைக்கு மட்டும் மிராசுதார் பரந்தாமனுக்குப் பக்தி பொத்துக்கொண்டு வந்துவிடும். மற்ற நாளில் உள்ளூர்ப் பிள்ளையாருக்குக் கற்பூரம் ஏற்றக்கூட அவருக்கு நேரம் இருக்காது. ஆனிக் கடைசியில் மட்டும் கிழக்கு வெளுப்பதற்குள் வண்டி பூட்டிக்கொண்டு ஒரு வருஷம் திருவள்ளூர், ஒரு வருஷம் திருமுல்லைவாயில், இன்னொரு வருஷம் மாங்காடு என்று கிளம்பிவிடுவார். ஊரில் விளக்கு வைத்த பிறகுதான் அவருடைய வண்டி திரும்பும். என்ன வேண்டுதலோ என்று மேலத்தெருவில் பேசிக்கொள்வார்கள். சேரியில் இருந்தவர்களுக்கு அது என்ன வேண்டுதல் என்று நன்றாகவே தெரியும்.

சேக்காட்டை ஒட்டிய அந்த ஊரில் படியாள் என்பவனுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் வெளியே போக வழி. ஆனிக் கடைசியில், விளக்கு வைப்பதற்குள், ஆண்டை கொடுத்த மண்வெட்டியை ஆண்டையின் கண்ணெதிரே தரையில் வைத்து, "கை விட்டுப்போச்சு ஆண்டே" என்று சொல்லிவிட வேண்டும். அதோடு சரி. அவன் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். வைக்கவில்லை என்றால் மறுநாள் ஆடி முதல் தேதி, ஆண்டை வீட்டில் வருஷத் துணி கொடுப்பார்கள். மூலையில் மஞ்சள் தடவிய துணி. ஆணுக்கு வேட்டி, பெண்சாதிக்குப் புடவை, பிள்ளைக்குப் பாவாடையோ துண்டோ. அதைக் கையில் வாங்கினவன் இன்னொரு வருஷம் அந்த வீட்டு ஆள். எழுத்தும் இல்லை, கைநாட்டும் இல்லை. பாட்டன் காலத்தில் என்ன கடன் வாங்கினார்கள் என்று யாருக்கும் ஞாபகமும் இல்லை. துணிதான் எல்லாம்.

ஆண்டை ஊரிலேயே இல்லை என்றால் மண்வெட்டியை யார் கண்ணெதிரே வைப்பது? அதற்குத்தான் அந்தப் பக்தி.

வேம்புலியின் அப்பன் முப்பது வருஷம் துணி வாங்கினான். வேம்புலி இருபது வருஷமாக வாங்குகிறான். நடுவில் நாலைந்து முறை மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பெரிய வீட்டு வாசலில் பொழுது சாயும்வரை நின்றிருக்கிறான். பிறகு அதையே தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான். அப்புறம் போவதையும் விட்டுவிட்டான். நிற்கிற கால்தான் வலித்தது.

அந்த வருஷம், யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், ஆனிக் கடைசி விடியற்காலையில் வண்டிமாட்டுச் சலங்கைச் சத்தம் ஏரிக்கரை தாண்டும்வரை எல்லம்மா குடிசைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்தாள். வேம்புலி முழங்காலில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். ஏற்றம் மிதித்து மிதித்து அந்த முழங்கால் பனங்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது.

"போய்ட்டான்யா," என்றாள். "மாங்காட்டுக்குத்தான். வண்டிக்காரன் நேத்தே சொல்லிகீறான்."

"வருசா வருசம் போறதுதானமே."

"வருசா வருசம் நம்ம ராணிக்குப் பதினோரு வயசு முடிஞ்சிதா?"

வேம்புலி எண்ணெய் தடவுவதை நிறுத்தினான். படியாள் வீட்டுப் பெண்பிள்ளைக்குப் பதினோரு வயசு முடிந்தால் அடுத்த ஆடியிலிருந்து அது ஆண்டை வீட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போக வேண்டும். சாணி வாருவது, கூட்டுவது, தண்ணீர் காட்டுவது. படுக்கையும் அங்கேயேதான். வேம்புலியின் அக்கா அப்படிப் போனவள். பன்னிரண்டு வருஷம் கழித்து முதுகு வளைந்து திரும்பி வந்தாள். யாராவது பின்னால் வந்து நின்றால் அலறுவாள். அந்தக் கொட்டாயில் என்ன நடந்தது என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லாமலே ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனாள். கேட்டிருக்கலாம் என்று வேம்புலிக்கு இப்போது தோன்றும். அப்போது தோன்றவில்லை.

ராணி மூலையில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"மம்முட்டிய எடு," என்றாள் எல்லம்மா. "நான் எடுத்துகினு போறேன்."

"எங்க?"

"மாங்காட்டுக்கு. அவன் எங்க கீறானோ அங்க."

"இன்னாமே ஒளர்ற."

"அவன் ஊட்டு வாசல்லதான் வெக்கணும்னு எவனா சொல்லிகீறானா? கண்ணால பாக்கறாப்பல வெக்கணும், அவ்ளோதான? கண்ண மாங்காட்டுக்கு எடுத்துகினு போய்ட்டான். மம்முட்டியும் போவட்டும்."

இருபது வருஷத்தில் இது வேம்புலிக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கு மட்டுமா, சேரியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் அந்த வாசலிலேயே நின்று நின்று பழகிவிட்டார்கள்.

"பொம்பள கொண்டுபோயி வெச்சா ஒத்துப்பானா?"

"நாத்து யாரு நட்டது? களை யாரு புடுங்குனது? அப்பல்லாம் பொம்பளன்னு உட்டானா? நீ ஏத்தத்தை உட்டு எறங்காத. நீ எறங்குனா வேலைய உட்டு ஓடிட்டான்னு கட்டிப் போட்டுடுவானுங்கோ. எனக்குக் காலு நல்லாத்தான் கீது."

"குடிசை?"

எல்லம்மா சுற்றிலும் பார்த்தாள். பனை ஓலைக் கூரை, மண்சுவர், இரண்டு பானை. மனை ஆண்டையுடையது. வேலையை விட்டால் மனையையும் விட வேண்டும். அதனால்தான் பல பேர் ஆண்டை ஊரில் இருந்தால்கூட மண்வெட்டியைக் கீழே வைக்க மாட்டார்கள்.

"சகாயமேரி இடம் குடுக்கறேன்னு சொல்லிகீது," என்றாள். சகாயமேரி அதே சேரியில் பிறந்து பூந்தமல்லிப் பக்கம் கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். இப்போது ஆவடியில் பட்டாளத்துக் கொட்டகை கட்டுகிற இடத்தில் புருஷனோடு கூலிக்காரர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் இருந்தாள். "மூணு பேருக்கும் வேலை கீதாம். சாயந்தரம் வந்து சொல்றேன். ராணிய வெளிய எங்கயும் அனுப்பாத."

கேழ்வரகுக் களியில் ஓர் உருண்டையைத் துணியில் முடிந்துகொண்டாள். மண்வெட்டியைத் தோளில் போட்டாள். பூந்தமல்லி போகிற வண்டிப்பாதையில் நிமிர்ந்து நடந்து போனாள். வேம்புலிக்கு அவளைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது; யாராவது பார்க்கிறார்களா என்று மேலத்தெருப் பக்கமும் ஒரு கண் வைத்துக்கொண்டு நின்றான்.

சொர்ணவாரி நெற்பயிர் கதிர் தள்ளுகிற நேரம். ஏரி வற்றி மண் வெடித்துக் கிடந்தது. கிணற்றை விட்டால் தண்ணீருக்கு வேறு கதியில்லை. வேம்புலி ஏற்றமரத்தின் மேல் ஏறி நின்றான். கீழே கிணற்றோரம் சேரிப் பையன் சின்னசாமி சாலைப் பிடித்துக்கொண்டான். மேலே இருப்பவன் மரத்தின் மீது முன்னால் நடந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும், பின்னால் நடந்தால் நிரம்பி மேலே வரும். கீழே இருப்பவன் அதை வாய்க்காலில் கவிழ்க்க வேண்டும். காலையிலிருந்து நடந்துகொண்டே இருக்கலாம், ஒரு முழம்கூட எங்கும் போயிருக்க முடியாது. சின்னசாமி கணக்கைப் பாட்டாக இழுத்துக்கொண்டிருந்தான். ஐம்பதுக்கு ஒரு தடவை மூச்சு விட நிறுத்தினான்.

"மாமே, எல்லம்மா அக்கா மம்முட்டியோட போச்சாமே?"

வேம்புலிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாருடா சொன்னது?"

"சேரியே பாத்துச்சி. மேலத்தெருக்காரன் எவனும் பாக்கல. பயப்படாத."

"சத்தம் போடாத."

"வேலை கெடச்சா எனக்கும் சொல்லு மாமே. எங்கப்பன் படுக்கையில கெடக்கறான், இல்லாங்காட்டி நானும் வெச்சிட்டு வந்திருப்பேன்." சின்னசாமி சாலைக் கவிழ்த்தான். தண்ணீர் சளசளவென்று ஓடியது. "ஆவடியில மத்தியானம் சங்கு ஊதறானாம் மாமே. ஊதுனா குந்திக்கலாமாம்."

"குந்திக்கலாம்னா?"

"சொம்மாக் குந்திக்கலாம். யாரையும் கேக்க வோணாம். சங்கு ஊதுனா குந்து, மறுபடி ஊதுனா எந்திரி."

"யாரும் திட்ட மாட்டாங்களா?"

"எதுக்குத் திட்டணும்? சங்கே ஊதிட்டுதே."

வேம்புலி அதை நினைத்துக்கொண்டே மரத்தில் நடந்தான். கேட்காமல் உட்காருவது. அவனுக்கு அது ஏதோ பெரிய மனுஷர்கள் சமாச்சாரமாகப் பட்டது. மேல்காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. பின்னால் நடக்கும்போது முழங்கால் ஒவ்வொரு தடவையும் சொடுக்கியது. எல்லம்மா இந்நேரம் பூந்தமல்லியைத் தாண்டியிருப்பாளா என்று கணக்குப் போட்டுப் பார்த்தான். பாட்டுக் கணக்கோடு அதுவும் சேர்ந்து குழம்பிப்போனது.

உச்சிப்பொழுதில் ராணி கூழ் கொண்டுவந்தாள். வெங்காயமும் சுட்ட கருவாட்டுத் துண்டும் இருந்தது. வெளியே அனுப்பாதே என்று எல்லம்மா சொல்லிவிட்டுப் போனது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

"நீ ஏம்மா வந்த?"

"பசிக்கும்ல நைனா." ராணி வரப்பில் குந்தி அவன் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யம்மா எப்ப வரும்? சகாயமேரி அத்தை ஊட்டாண்ட ரயில் போவுமாமே. தெனம் பாக்கலாமா?"

"பாக்கலாம்."

"நீயும் பாப்பியா?"

"பாப்பேன். ஊட்டுக்குப் போ, வெயில் கொளுத்துது."

பிற்பகலில் ஆண்டை வீட்டிலிருந்து வண்டிக்காரனின் பெண்சாதி ஓடிவந்தாள். சிவப்புப் பசு ஈன முடியாமல் கிடக்கிறதாம். காலையிலிருந்து முக்குகிறதாம். ஆண்டை வீட்டு அம்மா உடனே வேம்புலியைக் கூட்டிவரச் சொன்னாளாம்.

மாட்டுப் பிரசவம் என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேம்புலிதான். அது அவன் கையோடு வந்தது. வாழ்க்கையில் அவனை ஒருவர் தேடி ஓடிவருவது அதற்கு மட்டும்தான். அவன் யோசிக்கவே இல்லை. ஏற்றமரத்திலிருந்து இறங்கி, வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு ஓடினான்.

புழக்கடையில் பசு பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. கண் செருகியிருந்தது. வேம்புலி முழங்கைவரை விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உள்ளே கைவிட்டுப் பார்த்தான். ஒரு முன்னங்கால் வந்திருந்தது, இன்னொன்று மடங்கிக் கிடந்தது, தலை பின்னால் திரும்பியிருந்தது. கன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மடங்கிய காலைக் குளம்போடு உள்ளங்கையில் பொத்தி நிமிர்த்தினான். பிறகு தாடையில் விரலைக் கொடுத்துத் தலையை வழிக்குக் கொண்டுவந்தான். பசு முக்கும்போது இழுத்தான், அது ஓயும்போது இவனும் ஓய்ந்தான். "வந்துட்டுதும்மா, வந்துட்டுதும்மா, இன்னும் ஒரு தபா," என்று பசுவிடம் கெஞ்சினான். வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் ரத்தமும் நீருமாகச் சளக்கென்று கன்று அவன் மடியிலேயே விழுந்தது. மூக்கில் அடைத்திருந்ததை வழித்து எறிந்து, வைக்கோல் தாளை நாசியில் விட்டுக் குடைந்தான். கன்று தும்மியது. பெண் கன்று.

வேம்புலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் மண்வெட்டியும் மாங்காடும் எல்லாமே அவனுக்கு மறந்துவிட்டது.

பரந்தாமனின் மனைவி தாட்சாயிணி அம்மாள் பின்கட்டுப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. ராணிக்கு வைசூரி கண்டபோது வேப்பிலைக் கட்டும் இளநீரும் சேரிவரை கொடுத்தனுப்பினவள். அவளுக்குக் கண்ணில் நீர் தளும்பியது.

"மகராசனா இருப்படா வேம்புலி. வெள்ளிக்கெழமையும் அதுவுமா மகாலட்சுமியக் கொண்டாந்து குடுத்துட்ட. கை கால் கழுவிக்கோ."

தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றச் சொன்னாள். வேம்புலி கழுவினான். அவன் இடுப்பில் இருந்தது ஒரே வேட்டி. போன ஆடியில் வாங்கியது. அது முழுக்க ரத்தமும் சளியுமாக உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

"ஐயையோ, இந்தக் கோலத்துல எப்படிடா தெருவுல போவ? இரு." உள்ளே போய் ஒரு வேட்டியை எடுத்துவந்தாள். "இந்தா, புடி."

படியிலிருந்து அதைப் போட்டாள். மேலே இருந்து துணி விழும்போது கீழே இரண்டு கையும் தானாக ஏந்தும். அப்படித்தான் வேம்புலியின் கைகள் இருபது வருஷமாகப் பழகியிருந்தன. துணி கையில் விழுந்தது. புதுத்துணிக் கஞ்சி வாசனை வந்தது. மூலையில் மஞ்சள் தடவியிருந்தது.

வேம்புலி அந்த மூலையையே பார்த்தான்.

"அம்மா, இது..."

"நாளைக்குக் குடுக்கப்போறதுதானே? ஒரு நாள் முன்னாடி வாங்கிக்கிட்டா என்ன, கொறஞ்சா போயிடுவ?" அம்மாள் சிரித்தாள். "விடியக்காலமே ராணிய அனுப்பிடு. கன்னுக்குட்டியும் வந்திருக்கு, வேலை நெறைய இருக்கு."

வேம்புலி துணியை நீட்டியபடியே நின்றான். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கை முன்னால் போகத்தான் செய்தது. ஆனால் வருஷத் துணியைத் திருப்பி நீட்டுவது அந்த வீட்டில் சாவு விழட்டும் என்று சொல்வதற்குச் சமம். அந்த ஊரில் யாரும் அதைச் செய்ததில்லை. இப்போதுதான் உயிர் ஜனித்த வீடு. கன்று நாலு காலையும் பரப்பிக்கொண்டு எழ முயன்றுகொண்டிருந்தது. அம்மாளின் கண்ணில் இன்னும் ஈரம் இருந்தது.

அவள் தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா? இன்னும் எத்தனையோ வருஷம் வேம்புலி அதை யோசித்துக்கொண்டிருக்கப் போகிறான், விடை கிடைக்கப் போவதில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "வரேம்மா," என்றான்.

குடிசைக்கு வந்து அழுக்கு வேட்டியை நனைத்துப் போட்டுவிட்டுப் புதியதைக் கட்டிக்கொண்டான். மாற்றிக்கட்ட வேறு இல்லை. ராணி பார்த்துவிட்டு, "புதுசா நைனா?" என்றாள். அவன் சுவரோரம் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சூரியன் பனைமரத் தலைக்கு இறங்கியபோது எல்லம்மா வந்தாள். கையில் மண்வெட்டி இல்லை. முழங்கால்வரை செம்புழுதி. மூச்சு இரைத்தது, முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"வெச்சிட்டன்யா!" என்றாள். "தண்ணி குடு ராணி. வெச்சிட்டேன்!"

ஒரு சொம்புத் தண்ணீரையும் அண்ணாந்து குடித்தாள். கீழே குந்தினாள்.

"கேளுய்யா. கோயில் தெருவுக்குள்ள உட மாட்டன்ட்டானுங்கோ. சரி, எப்டியும் இந்த வழியாத்தான வண்டி வரணும்னு தெருக் கோடியில புளியமரத்தாண்ட குந்திகினேன். வர்றவன் போறவன்லாம் இன்னா மம்முட்டியோட குந்திகீற, பொதையல் தோண்டப்போறியான்றான். மத்தியானம் ஆச்சு, வரல. களியத் துன்னேன். அப்பறமும் வரல. ஒருவேள வேற வழியாப் பூட்டானோன்னு எந்திரிச்சி எந்திரிச்சிப் பாத்தேன். அப்பால பாரு, ஜல் ஜல்லுன்னு நம்ம வண்டி. உள்ள ஆண்டை, அவங்க மாங்காட்டுச் சொந்தக்காரன் ரெண்டு பேரு, பூசாரி வேற. நான் எந்திரிச்சி வண்டித் தடத்துல, மாட்டு மூஞ்சிக்கு நேரா மம்முட்டிய வெச்சிட்டேன். மாடு மெரண்டு நின்னுப்புடிச்சி."

"ஐயோ," என்றான் வேம்புலி.

"ஆண்டை எட்டிப் பாத்தாரு. மூஞ்சி எப்டிப் போச்சின்ற! 'யாருடி நீ'ன்னாரு. தெரியாதாம்! வேம்புலி பொஞ்சாதி ஆண்டே, எங்க ஊட்டுக் கை உட்டுப்போச்சி, எங்க மூணு பேரு கையும் உட்டுப்போச்சின்னேன். பொம்பள வெச்சா செல்லாதுன்னாரு. அப்ப நான் நட்ட நெல்லும் செல்லாதா ஆண்டே, அத எப்டித் துன்னீங்கோன்னு கேட்டுட்டேன். எப்டித்தான் வாயில வந்துச்சோ! அந்தப் பூசாரி சிரிச்சிட்டான்யா. சொந்தக்காரன் ரெண்டு பேரும் பாத்துகினே கீறானுங்கோ. அவனுங்க முன்னாடி இன்னா செய்வாரு? 'சரி போங்கடி, மனைய காலி பண்ணிட்டுப் போங்க'ன்னாரு. போங்கன்னு சொல்ட்டாருய்யா. வாயால சொல்ட்டாரு. நாலு பேரு கேட்டாங்கோ. வரும்போது சகாயமேரியாண்ட ஆள் உட்டுச் சொல்லிட்டு வந்துட்டேன். எந்திரி, பானைய எடு. வண்டி பூந்தமல்லியில நின்னுச்சி, நான் முந்திகினு வந்துட்டேன், பின்னால வந்துகினே கீது. அவரு ஊட்டுல போயி மனசு மாறதுக்குள்ள ஆவடி போய்டலாம். எந்திரிய்யா, இன்னா மரமாட்டம் குந்திகினு கீற?"

வேம்புலி எழுந்து நின்றான். அப்போதுதான் அவள் கண்ணில் அந்த வேட்டி பட்டது. முதலில் வெள்ளையைப் பார்த்தாள், பிறகு மூலையைப் பார்த்தாள்.

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போன விதத்தை வேம்புலியால் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பசு, கன்று, ரத்தம், படி, கை என்று கோர்வையில்லாமல் சொன்னான். அவன் முடிக்கும்வரை அவள் கேட்டாள். பிறகு தலையில் மடேர் மடேர் என்று அடித்துக்கொண்டாள்.

"பன்னெண்டு மைல் நடந்தன்யா. பன்னெண்டு மைல். அந்த மாட்டு வவுத்துல கை வெச்சப்ப உன் பொண்ணு நெனப்பு வரலியா உனுக்கு?"

"வரலமே," என்றான். பொய் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. "அதுவும் ஒரு உசுருதான, முக்கிகினு கெடந்திச்சி."

"கழட்டி எறி. ஏரியில எறிஞ்சிட்டு கோவணத்தோட வா."

"கையால வாங்கிட்டன்மே."

"எறி சொல்றேன்!"

அவன் வேட்டி முடிச்சில் கை வைத்தான். அப்படியே நின்றான். முடிச்சு அவிழவில்லை என்று சொல்ல முடியாது. கைதான் அவிழ்க்கவில்லை. ராணி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழத் தயாராக உதடு கோணியது.

எல்லம்மா மகளைப் பார்த்தாள். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். குரல் திடீரென்று தணிந்துவிட்டது.

"எனக்குப் பொடவை குடுத்தாங்களா?"

"இல்ல."

"ராணிக்குப் பாவாடை?"

"இல்லமே. இது ஒண்ணுதான்."

"அப்ப அவங்க ஆளு நீ ஒருத்தன்தான். நானும் எம்பொண்ணும் யாரு கையாலயும் எதையும் வாங்கல." பானையை இழுத்து அதற்குள் உப்பு, மிளகாய், தன் கந்தல் புடவை எல்லாவற்றையும் அடைத்தாள். "போறோம்."

வேம்புலி இன்னொரு பானையை அவள் பக்கம் நகர்த்தினான்.

"போங்க," என்றான். "நானும் வந்தா துணி வாங்கிட்டு ஓடிட்டான்னு மூணு பேரையும் தேடுவாங்கோ. லைனுக்கே வந்து இஸ்துகினு வருவாங்கோ. நான் இங்க இருந்தா உங்கள எதுக்குத் தேடப்போறாங்கோ?"

அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அது நியாயமா, பயமா என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டும்தான் என்று எல்லம்மாவுக்குத் தெரிந்தது. அவள் அவன் தோளில் ஒருமுறை கை வைத்தாள். கை சூடாக இருந்தது.

பெரிய பானையை வேம்புலி தூக்கிக்கொண்டான். மூவரும் ஏரிக்கரை வழியாக நடந்தார்கள். மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. ராணி அவனுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆண்டையின் நிலம் முடிகிற மடைக்கல்லில் அவன் நின்றுவிட்டான். பானையை எல்லம்மாவின் தலையில் ஏற்றினான்.

"நைனா, நீ வரலியா?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்மா. நீ போயி ரயில் பாரு."

"நீயும் பாப்பேன்னு சொன்ன."

வேம்புலி குனிந்து அவள் பாவாடையில் இருந்த புழுதியைத் தட்டிவிட்டான். எல்லம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "முட்டிக்கு எண்ணெ தடவு. கூழுக்கு மாவு ஊற வெச்சிட்டுப் படு, மறந்துடாத," என்றாள். இரண்டு பேரும் போனார்கள். ராணி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகும் அவன் நின்றான். ஊர்ப் பக்கமிருந்து ஆண்டையின் வண்டிச் சலங்கை கேட்டதும் திரும்பி நடந்தான்.

மறுநாள் ஆடி முதல் தேதி. விடிந்தும் விடியாததுமாக வேம்புலி பெரிய வீட்டுப் புழக்கடையில் போய் நின்றான். சேரியிலிருந்து மற்றவர்கள் துணி வாங்க இனிமேல்தான் வருவார்கள். பரந்தாமன் கிணற்றடியில் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். தாட்சாயிணி அம்மாள் படியில் வந்து நின்றாள்.

"எங்கடா ராணி?"

"வரலம்மா."

"எப்ப வருவா?"

"வர மாட்டாம்மா."

இருபது வருஷத்தில் அந்தப் புழக்கடையில் 'மாட்டா' என்கிற சொல் அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை. சொன்ன பிறகு அவனுக்கே காது அடைத்துக்கொண்டது. பரந்தாமன் வாயிலிருந்த குச்சியை எடுத்தார்.

"என்னடா சொன்ன?"

"எம் பொஞ்சாதி மூணு பேருக்கும் மம்முட்டி வெச்சுது, ஆண்டை போங்கன்னு சொன்னீங்கோ, நாலு பேரு கேட்டாங்கோ. அப்பறம் நான் துணி வாங்கிகினேன். நான் மட்டும்தான் வாங்கிகினேன் ஆண்டே. அவங்க வாங்கல." தலையைத் தூக்காமலே சொல்லி முடித்தான்.

பரந்தாமன் அவனை மேலும் கீழும் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப கொட்டாய் வேலைய எவன்டா பாப்பான்?"

"நான் பாக்கறேன்."

"ஏத்தம்?"

"அதயும் பாக்கறேன். கொட்டாய முடிச்சிட்டு ஏறறேன்."

பரந்தாமன் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "எத்தினி நாளைக்குன்னு பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வேம்புலி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குள் நுழைந்தான். இத்தனை வருஷத்தில் பசுவைப் பார்க்க வாசல்வரை வந்திருக்கிறானே தவிர, உள்ளே கடைசிவரை போனதில்லை. கூரை தாழ்வு. பதினோரு வயசுப் பிள்ளை நிமிர்ந்து நடக்கலாம், அவன் இடுப்பை மடக்கித்தான் நடக்க வேண்டும். முழங்கால் முதல் எட்டிலேயே குத்தியது. இருபத்திரண்டு மாடு. ஒவ்வொன்றின் காலடியிலும் சாணியும் கோமியமுமாகச் சேறு.

வாரிக்கொண்டே போனான். கடைசி மாட்டைத் தாண்டி உள்மூலை இருட்டாக இருந்தது. வெளியே இருந்து பார்த்தால் அங்கே ஒருவர் இருப்பது தெரியாது. அங்கே புதுக் கோணிச் சாக்கு ஒன்றை விரித்து வைத்திருந்தார்கள். அதன் மேல் ஒரு சின்னத் தகரத் தட்டு கவிழ்த்திருந்தது. சுவரில் சின்னப் பிள்ளை கைக்கு எட்டுகிற உயரத்தில் ஓர் ஆணி, அதில் மஞ்சள் மூலை வைத்த பச்சைப் பாவாடை.

வேம்புலி விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றான். பின்னால் மாடு ஒன்று காலை மாற்றி வைத்த சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் திரும்பினான். யாரும் இல்லை. அக்காவை நினைத்து அப்போதுதான், இத்தனை வருஷம் கழித்து, அவனுக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் அழுதான். மூக்கைச் சிந்திப் போட்டான்.

பிறகு சாக்கைச் சுருட்டி ஓரமாகச் சாய்த்துவிட்டு, அந்த மூலையையும் சேர்த்துக் கூட்டினான்.